மைதானத்தில் ஒரு கதிரை: வாசகர் கேள்வி - பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தைப் பற்றியவை. 2026 ஜூன் 11 இல் மெக்சிக்கோ நகரில் தொடங்கி, ஜூலை 19 இல் நியூஜேர்சியில் முடிகிறது. கனடா, அமெரிக்கா, மெக்சிக்கோ மூன்று நாடுகளிலும் 16 நகரங்களில் 48 அணிகள், 104 ஆட்டங்கள். ஆனால் கடிதம் போட்டவர்கள் யாரும் எந்த அணி வெல்லும் என்று கேட்கவில்லை. மகன் போகிறான், நான் போகிறேன், அண்ணா போகிறார் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்து வீடுகளில் பாதிப் பேர் வெளியில் இருக்கும்போது இது இப்படித்தான் வரும். அதனால் இந்த மாதம் வேறு கேள்விகளை ஒதுக்கிவிட்டு இதையே எடுக்கிறேன்.

கேள்வி: ஐயா, என் மகன் கனடாவுக்குப் போய் ஏழு வருசம். ஸ்காபரோவில் இருக்கிறான், இரவு வேலை. ஜூன் 12 ரொறன்ரோவில் நடக்கும் கனடாவின் முதல் ஆட்டத்துக்கு ரிக்கெற் எடுத்துவிட்டான். விலையை என்னிடம் சொல்லவில்லை, தங்கச்சிக்குத்தான் சொல்லியிருக்கிறான். அவள் சொன்ன தொகையைக் கேட்டு நெஞ்சு பதைத்துப் போனேன். வீட்டின் முன்மதில் இன்னும் அரைவாசியில் நிற்கிறது. ஏழு வருசமாக என்னை வந்து பார்க்கவும் இல்லை. நாள் தவறாமல் போன் எடுத்து அந்த மைதானத்தைப் பற்றியே கதைக்கிறான். அவனுடைய அப்பா உயிரோடு இருந்த காலத்தில் ஊர் அணிக்கு விளையாடியவர், அந்தப் பைத்தியம்தான் இவனுக்கும். முந்தநாள் நன்றாக ஏசிவிட்டேன். நேற்றும் இன்றும் போன் வரவில்லை. நான் செய்தது பிழையா?
- ஒரு தாய், குருநகர்

பதில்: அம்மா, இதை இந்த இடத்திலேயே வைத்துவிட்டு முதலில் நீங்கள் போனை எடுத்து அவனோடு கதையுங்கள். மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம்.

கதைத்துவிட்டீர்களா? சரி. ஏழு வருசமாகப் பிள்ளையின் முகத்தைக் கண்ணாடித் திரையில் மட்டும் பார்க்கும் ஒரு தாய்க்குக் கோபம் வருவதைப் பிழை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். அதில் இரண்டு கோபங்கள் கலந்து கிடக்கின்றன. அவன் வரவில்லை என்பது ஒன்று, ரிக்கெற் எடுத்தது இன்னொன்று. முதலாவது கோபம்தான் பெரியது, அது இரண்டாவதின் மேல் போய் விழுந்திருக்கிறது. ஏன் வரவில்லை என்பதற்குப் பேப்பர், லீவு, கடன் என்று அவனிடம் வேறு காரணங்கள் இருக்கும். அதைத் தனியாக, ஆறுதலாக ஒரு நாள் கேளுங்கள். ரிக்கெற்றோடு சேர்த்துக் கேட்காதீர்கள்.

அவன் பார்க்கப் போகும் ஆட்டம் என்ன என்று கொஞ்சம் சொல்கிறேன். கனடாவின் ஆண்கள் அணி உலகக் கிண்ணத்தில் இதற்கு முன் விளையாடியது இரண்டே முறை. 1986 இல் மூன்று ஆட்டங்களிலும் தோற்று, ஒரு கோல்கூட அடிக்காமல் வீட்டுக்குப் போனார்கள். அதற்குப் பிறகு 36 வருசம் வாசல் திறக்கவே இல்லை. 2022 இல் கட்டாரில், குரோஷியாவுக்கு எதிராக ஆட்டம் தொடங்கி 68 ஆவது செக்கனில் அல்போன்சோ டேவிஸ் தலையால் முட்டி அடித்ததுதான் உலகக் கிண்ணத்தில் அந்த நாட்டு ஆண்களின் முதல் கோல். அந்த ஆட்டத்தையும் தோற்றார்கள், ஆனால் கோல் கோல்தான். அந்த டேவிஸ் யார் தெரியுமா அம்மா? லைபீரியாவில் நடந்த சண்டைக்குத் தப்பி ஓடிய தாய் தகப்பனுக்கு, கானாவில் புடுபுராம் என்ற அகதி முகாமில் பிறந்த பிள்ளை. ஐந்து வயதில் கனடாவுக்குப் போனவர். முகாம் என்றால் என்ன என்று குருநகரில் யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. உங்கள் மகன் அந்த ரிக்கெற்றை ஏன் வாங்கினான் என்பதும் உங்களுக்கு இப்போது விளங்கும் என்று நினைக்கிறேன். தன் சொந்த மண்ணில் கனடா ஆண்கள் அணி உலகக் கிண்ண ஆட்டம் ஒன்றை விளையாடப் போவது இதுவே முதல் தடவை. அது அவன் இருக்கும் ஊரில், அவன் வீட்டிலிருந்து ரயிலில் போகக்கூடிய தூரத்தில் நடக்கிறது.

இனி என் கதை. நான் டோஹாவில் பதினொரு வருசம் ஸ்ரோர்கீப்பராக இருந்தவன். 2022 உலகக் கிண்ணத்துக்குக் கட்டாரில் வசிப்பவர்களுக்கு மட்டும் ஒரு மலிவு வகுப்பு வைத்தார்கள், முதல் சுற்று ஆட்டத்துக்கு 40 ரியால். அன்றைய கணக்கில் எங்கள் காசுக்கு நாலாயிரம் ரூபாய் மட்டில். அதற்குக்கூட நான் இரண்டு நாள் யோசித்தேன் அம்மா. அது இங்கே பெற்றோல் வரிசையும் காஸ் வரிசையும் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டும் நடந்து முடிந்த ஆண்டு. வீட்டில் அரிசி விலை கேட்டுக்கொண்டு நான் அங்கே பந்து பார்ப்பதா என்று மனம் இடித்தது. அப்பாதான் போனில் சொன்னார், "போடா, போய்ப் பார்" என்று. அவ்வளவுதான் சொன்னார்.

நவம்பர் 28, பிரேசிலும் சுவிஸும். கப்பல் கொள்கலன்களை அடுக்கிக் கட்டிய 974 என்ற மைதானம். அந்தக் கொள்கலன்களின் எண்ணிக்கையும் 974, கட்டாரின் தொலைபேசி இலக்கமும் 974. கடற்கரையோரம் என்பதால் மற்ற மைதானங்கள் மாதிரி அங்கே குளிரூட்டி இல்லை, பண்ணைப் பாலத்தில் பின்னேரம் அடிக்கும் காற்று மாதிரி உப்புக்காற்று வந்துகொண்டிருந்தது. என் கதிரை மேல் அடுக்கின் மூலையில். கீழே ஆட்கள் தீப்பெட்டி அளவில்தான் தெரிந்தார்கள். பக்கத்தில் மலப்புறத்துக்காரர் ஒருவர், மஞ்சள் சட்டை, வேலைத்தலத்துச் சப்பாத்தைக்கூட மாற்றாமல் வந்திருந்தார். பாதி ஆட்டம் முடியும் நேரத்தில் திடீரென்று மைதானத்தின் வெளிச்சம் அணைந்தது. சில செக்கன்கள்தான். நாற்பதாயிரம் பேரும் ஒரேயடியாக "ஓ" என்றார்கள். எனக்கு அந்த இருட்டில் வீட்டு ஞாபகம்தான் வந்தது, விளக்கு வந்த பிறகும் கொஞ்ச நேரம் பந்து எங்கே என்று தெரியவில்லை. 83 ஆவது நிமிசத்தில் பிரேசிலின் கசெமிரோ கோல் அடித்தார். நான் எழும்பி நின்று கத்தினேன்.

அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். பதினொரு வருசத்தில் அந்த நாட்டில் நான் உரத்துக் கத்தியது அன்று ஒரு நாள்தான். வெளிநாட்டில் எங்கள் ஆட்கள் குரலைத் தணித்துத்தான் வாழ்கிறார்கள். அறையில் மற்றவன் நித்திரை, பஸ்ஸில் மற்றவர்கள் பார்ப்பார்கள், வேலைத்தலத்தில் மேலாளர் நிற்பார், போனில் கதைத்தால்கூட வெளியே போய்ச் சுவரோரம் நின்று மெதுவாகக் கதைக்க வேண்டும். உங்கள் மகன் இரவு வேலை செய்கிறான் என்றால் பகலில் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு நித்திரை கொள்பவன். அப்படிப்பட்டவனுக்கு, தன் பெயரில் ஒரு இலக்கம் போட்ட கதிரை, அதில் எழும்பி நின்று தொண்டை கிழியக் கத்தலாம், பக்கத்தில் இருப்பவன் திரும்பி முறைக்க மாட்டான், அவனும் சேர்ந்து கத்துவான். அதற்குத்தான் அவன் காசு கொடுத்திருக்கிறான்.

ஆட்டம் முடிந்து மெற்றோவுக்குப் போகும் வழியில் அப்பாவுக்குப் போன் எடுத்தேன். இங்கே நேரம் பன்னிரண்டை நெருங்கிவிட்டது, ஆனால் முதல் மணியிலேயே எடுத்தார். "நீ எந்தப் பக்கத்தில் இருந்தனி? நான் ரீவியில் தேடிக்கொண்டே இருந்தனான்" என்றார். நாற்பதாயிரம் பேருக்குள், இரண்டு மணித்தியாலம், கமெரா மேல்பக்கம் போகும் போதெல்லாம் அவர் என்னைத் தேடியிருக்கிறார். அப்பா இப்போது இல்லை. அந்த 40 ரியாலை நான் வேறு எதற்குச் செலவழித்திருந்தாலும் எனக்கு இந்த ஒரு வாக்கியம் மிஞ்சியிருக்காது.

மதில் நிற்கட்டும் அம்மா. அடுத்த முறை அவன் கதைக்கும்போது எந்தப் பக்கம், எத்தனையாவது வரிசை, பக்கத்தில் யார் வருகிறார்கள் என்று நீங்களே கேளுங்கள். அவனுடைய அப்பா விளையாடிய காலத்துப் படம் ஏதாவது வீட்டில் இருந்தால் அதைப் போனில் எடுத்து ஆட்டத்துக்கு முதல் நாள் அனுப்பிவிடுங்கள். ஜூன் 12 பின்னேரம் அங்கே நடக்கும் ஆட்டம் எங்களுக்கு நடுச்சாமம் தாண்டி, 13 ஆம் தேதி. கண் முழித்திருந்து பாருங்கள், தேடுங்கள்.

கேள்வி: வணக்கம் அண்ணா. ஊர் கொக்குவில், இப்போது மிசிசாகா. 41 வயது, இரண்டு பிள்ளைகள். ஜூன் 12 ரிக்கெற் கிடைத்த நாளிலிருந்து எனக்கு ஒழுங்கான நித்திரை இல்லை. வேலை முடிந்து வரும் வழியில் மூன்று தரம் இறங்கி அந்த மைதானத்தைச் சுற்றி நடந்துவிட்டேன். உள்ளே புதுக் கதிரைகள் போடுவதை வேலிக்குள்ளால் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது. மனைவி "இந்த வயதில் இப்படியா" என்கிறாள். இவ்வளவு சந்தோசம் ஒரு விளையாட்டுக்குக் கூடுதலா? போகிற நாளுக்கு என்ன ஆயத்தம் செய்ய வேண்டும்?
- கொக்குவிலான், மிசிசாகா

பதில்: கூடுதல் இல்லை தம்பி. மனைவிக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள்.

இதே அமெரிக்காவில் கடைசியாக உலகக் கிண்ணம் நடந்தது 1994 இல். அப்போது யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை, பற்றரி கொண்டுவரத் தடை. இறுதி ஆட்டத்தின் முடிவை நாங்கள் எப்படித் தெரிந்துகொண்டோம் என்றால், சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, அண்ணா பெடலை மிதிக்க, டைனமோவிலிருந்து வயரை இழுத்து ரேடியோவில் மாட்டி. மிதி தளர்ந்தால் சத்தம் தேய்ந்துவிடும், அப்பா "மிதி, மிதி" என்பார். பிரேசில் வென்றது என்று கேட்டது, எப்படி வென்றது என்ற இடத்தில் சத்தம் போய்விட்டது. இத்தாலியின் ரொபேர்ட்டோ பாஜ்ஜியோ பெனல்டியை மேலே அடித்துவிட்டார் என்பதைப் பிறகு கொழும்பிலிருந்து வந்த ஒரு பழைய பேப்பரில் வாசித்தோம், அதில் அவர் தலையைக் குனிந்து நின்ற படம். உங்களுக்கு அப்போது ஒன்பது வயது இருந்திருக்கும். அந்தக் கொக்குவில் பிள்ளைதான் இப்போது வேலிக்குள்ளால் பார்த்துக் கண் கலங்குகிறது. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஆயத்தம் என்று கேட்டீர்கள். ரிக்கெற் போனில்தான் இருக்கும், கடதாசியில் இல்லை. அதனால் போனை முழுதாகச் சார்ஜ் ஏற்றி, ஒரு பவர் பாங்க்கும் வையுங்கள். ரிக்கெற் படத்தை முகநூலிலோ வட்ஸ்அப் குழுவிலோ போட வேண்டாம், அதில் கோட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் போடாமல் விடுவதே நல்லது. காரை வீட்டில் விடுங்கள். எக்ஸிபிஷன் ரயில் நிலையம் மைதானத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, நீங்கள் மிசிசாகா என்றபடியால் லேக்ஷோர் மேற்கு ரயில் நேரே கொண்டுபோய் விடும். அந்த மைதானத்தைக் கூடுதல் கதிரைகள் போட்டு 45,000 பேர் மட்டில் இருக்கக்கூடியதாக ஆக்கியிருக்கிறார்கள், அவ்வளவு பேரும் ஒரே வாசல்களால் உள்ளே போக வேண்டும். இரண்டரை, மூன்று மணித்தியாலம் முன்னதாகவே போங்கள். முன்னதாகப் போவதில் இன்னொரு நன்மை இருக்கிறது. ஆட்கள் நிரம்ப முந்திய வெறும் மைதானத்தை, அந்தப் புல்லின் பச்சையைப் பார்ப்பீர்கள். ரீவியில் ஒரு நாளும் அந்தப் பச்சை தெரியாது. நான் 974 இல் படியேறி மேலே வந்து முதலில் பார்த்தது அதைத்தான், ஆட்டத்தின் பாதி மறந்துவிட்டது, அந்தப் பச்சை மறக்கவில்லை.

ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். தொண்ணூறு நிமிசமும் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்காதீர்கள். கீதம் பாடும்போது ஒரு முறை எடுங்கள், அப்புறம் சட்டைப்பைக்குள் வைத்துவிடுங்கள். ஊரில் இருப்பவர்களுக்கு உங்கள் வீடியோவைவிட, முடிந்த பிறகு நீங்கள் வாயால் சொல்லும் கதைதான் தேவை. அடுத்த முறை பிள்ளைகளில் ஒருவரையாவது கூட்டிக்கொண்டு போகப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் மூத்தவர் ரொறன்ரோவில், தங்கச்சி பேர்ணில், மருமகன் டோஹாவில். உலகக் கிண்ணத்தில் இந்த மூன்று நாடும் ஒரே பிரிவில் வந்துவிட்டன. வீட்டு வட்ஸ்அப் குழுவில் இப்போதே சண்டை. மானிப்பாயில் இருக்கும் நாங்கள் எந்தப் பக்கம்?
- மானிப்பாய் வாசகி

பதில்: பிரிவுகள் பிரித்த அன்று எனக்கும் இதுதான் முதலில் கண்ணில் பட்டது. பி பிரிவின் நான்கு அணிகளில் மூன்று கனடா, சுவிஸ், கட்டார். உலகத்தில் வேறு யாருக்கு இது ஒரு குடும்பப் படமாகத் தெரியும்? ஜூன் 18 கனடாவும் கட்டாரும், ஜூன் 24 சுவிஸும் கனடாவும், இரண்டும் வன்கூவரில்.

நான் என்றால் கனடா பக்கம். கட்டார் என் சோறு, சுவிஸ் என் பெரியம்மாவின் பிள்ளைகள், ஆனாலும் கனடா. மேலே சொன்ன டேவிஸ் கதைதான் காரணம். சுவிஸ் ஆட்கள் கோபிக்கக் கூடாது, அங்கேயும் அதே கதை இருக்கிறது. சுவிஸ் அணியின் தலைவர் கிரானிற் ஷாகா பாசலில் பிறந்தவர், தாய் தகப்பன் கொசோவோவிலிருந்து போனவர்கள். தகப்பன் அரசியல் கைதியாகச் சிறையில் இருந்துவிட்டு வெளியேறியவர். உங்கள் தங்கச்சியின் பிள்ளைகளும் பேர்ணில் அந்த மாதிரிப் பிள்ளைகளோடுதான் பள்ளிக்கூடத்தில் விளையாடுகிறார்கள். அதனால் ஜூன் 24 வீட்டில் யார் அடித்தாலும் கை தட்டுங்கள். கட்டார் சொந்த மண்ணில் 2022 இல் மூன்று ஆட்டத்திலும் தோற்றது, அவர்களுக்கு ஒரு புள்ளியாவது கிடைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. மருமகனிடம் சொல்லுங்கள்.

கேள்வி: நீங்கள் கட்டார் உலகக் கிண்ணத்தைப் பற்றி எப்போதும் ஆசையாக எழுதுகிறீர்கள். அந்த மைதானங்களைக் கட்டிய தொழிலாளர்கள் பட்ட பாட்டை மறந்துவிட்டீர்களா? அதில் இருந்து கை தட்டுவது சரியா?
- பல்கலைக்கழக மாணவி, திருநெல்வேலி

பதில்: மறக்கவில்லை தங்கச்சி, மறக்கவும் முடியாது. என் அறையில் நாலு வருசம் இருந்தது கொன்கிரீற் வேலை செய்த ஒரு நேபாளப் பெடியன். வைகாசி முடிந்தால் அவன் இரவில் வந்து முதலில் செய்வது கால் இரண்டையும் தண்ணீர் வாளிக்குள் வைப்பதுதான். அவனுடைய நிறுவனம் ஒருமுறை மூன்று மாதச் சம்பளத்தை நிறுத்தி வைத்தது, நாங்கள் அறையில் சேர்த்துக் கொடுத்த காசில் அவன் வீட்டுக்கு அனுப்பினான்.

2021 இல் ஒரு பிரித்தானியப் பத்திரிகை, உலகக் கிண்ணம் கட்டாருக்குக் கிடைத்த 2010 இன் பிறகு இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், வங்காளதேசம், இலங்கை ஆகிய ஐந்து நாடுகளைச் சேர்ந்த 6,500 பேருக்கு மேல் அங்கே இறந்திருக்கிறார்கள் என்று எழுதியது. அது எல்லாத் தொழிலாளர்களின் எல்லா வகை மரணமும் சேர்ந்த கணக்கு, மைதான வேலையில் மட்டும் இறந்தவர்களின் கணக்கு இல்லை. ஆனால் அப்படிப் பிரித்துச் சொல்வதால் பாரம் குறைந்துவிடாது. பல இளம் ஆட்களின் மரணத்தை "இயற்கை" என்று ஒரு சொல்லில் எழுதி முடித்தார்கள், ஏன் செத்தான் என்று ஆராயவில்லை. அந்தச் சொல்லோடு ஒரு பெட்டி வந்து இறங்கும் வீட்டை நினைத்துப் பாருங்கள்.

உலகத்தின் கண் அங்கே விழுந்ததால் சில மாற்றங்களும் வந்தன. 2020 இல், முதலாளியின் அனுமதி இல்லாமல் வேலை மாறலாம் என்று சட்டம் வந்தது. 2021 மார்ச்சிலிருந்து எல்லோருக்கும் ஆகக் குறைந்த சம்பளம் 1,000 ரியால். கோடையில் காலை 10 மணியிலிருந்து பின்னேரம் 3.30 வரை வெளிவேலை நிறுத்தம். எழுத்தில் இருந்தது எல்லாம் நடைமுறையில் வரவில்லை என்பதை அங்கே இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

கை தட்டுவது சரியா என்று கேட்டீர்கள். அந்த 40 ரியால் ரிக்கெற்றில் மேல் அடுக்கில் இருந்தவர்கள் யார்? அந்த நாட்டைக் கட்டியவர்கள்தான் பெரும்பாலும். என் அறை நேபாளப் பெடியனும் வந்தான், வேறு ஒரு ஆட்டத்துக்கு. திரும்பி வந்து தான் இருந்த கதிரையின் இலக்கத்தைச் சுவரில் பென்சிலால் எழுதி வைத்தான். அவன் கட்டிய இடத்துக்குள் அவன் ஆட்டம் பார்க்கப் போனதை நான் எப்படிப் பிழை என்பேன்? நீங்கள் கேட்பதை நிறுத்தாதீர்கள். 2034 சவூதி அரேபியாவில். அங்கேயும் எங்கள் ஆட்கள்தான் வேலைக்குப் போவார்கள், இப்போதே கேட்க வேண்டும்.

கேள்வி: ஆட்டத்துக்கு ரிக்கெற் இருந்தால் கனடா விசா கட்டாயம் கிடைக்கும் என்று ஒரு ஏஜென்சியில் சொல்கிறார்கள். பதினைந்து லட்சம் கேட்கிறார்கள். நம்பலாமா?
- சுன்னாகம்

பதில்: வேண்டாம். ரிக்கெற் வேறு, விசா வேறு. ரிக்கெற் வைத்திருப்பதால் உள்ளே விடுவோம் என்று கனடா எங்கேயும் சொல்லவில்லை, அது உறுதி அல்ல என்றுதான் சொல்லியிருக்கிறது. விசிற்றர் விசா விண்ணப்பத்துக்கு அரசாங்கம் எடுப்பது 100 கனேடிய டொலர், விரலடையாளத்துக்கு 85. யாராக இருந்தாலும் இணையத்தில் தாங்களே போடலாம். ரிக்கெற் வாங்குவதென்றாலும் ஃபிஃபாவின் சொந்தத் தளத்திலும் அவர்களுடைய மறுவிற்பனைப் பக்கத்திலும் மட்டும். காணியை ஈடு வைத்துப் பதினைந்து லட்சம் கொடுத்துவிட்டு அழுத குடும்பங்களை எனக்குத் தெரியும். அந்தக் காசை எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

கேள்வி: எல்லாம் ஆண்களின் உதைபந்தாட்டம்தானா? எங்கள் பிள்ளை ஒருத்தி வலைப்பந்தாட்ட உலகக் கிண்ணத்தில் விளையாடியதைப் பற்றி யாரும் எழுதுவதில்லையே. நான் 2019 இல் லிவர்பூலுக்குப் போய் நேரில் பார்த்தேன். லண்டனிலிருந்து அதிகாலை ரயில், கையில் கட்டிய இடியப்பம், போய்ச் சேரும் வரை ஒரே படபடப்பு.
- தாதி, ஹரோ, லண்டன்

பதில்: எழுத வேண்டியதை நீங்கள் எழுதிவிட்டீர்கள் அக்கா, உங்கள் மீது எனக்குப் பொறாமையாக இருக்கிறது. தர்ஜினி சிவலிங்கம், புன்னாலைக்கட்டுவன் ஈவினையில் பிறந்த பிள்ளை. உயரம் 2.08 மீற்றர். அந்த உயரத்துக்காகச் சின்ன வயதில் ஊரில் பட்ட பேச்சுகள் கொஞ்சமா. அந்த உயரம்தான் அவரை வலைப்பந்தாட்டத்தில் உலகத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது. லிவர்பூல் உலகக் கிண்ணத்தில் அவர் போட்ட கோல்கள் 348, அந்தப் போட்டியில் வேறு எந்த நாட்டு வீராங்கனையும் அவ்வளவு போடவில்லை. இங்கிலாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து எல்லோரும் இருந்த போட்டி அது. 2018 இல் இலங்கை ஆசியக் கிண்ணம் வென்றபோதும் அவர்தான் வளையத்துக்குக் கீழே நின்றார்.

உங்கள் கடிதத்தில் ஒரு இடம் என் மனதில் நிற்கிறது. ஆட்டம் முடிந்ததும் "தர்ஜினி" என்று நீங்கள் தமிழில் கூப்பிட, அவர் அந்தச் சத்தத்துக்குள் திரும்பிப் பார்த்துக் கை காட்டினார் என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தை வைத்திருக்கிறேன். அடுத்த வலைப்பந்தாட்ட உலகக் கிண்ணம் 2027 இல் சிட்னியில். சிட்னியில் எங்கள் ஆட்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்! அவர்கள் இப்போதே லீவு கேட்டு வைக்கட்டும்.

கேள்வி: எனக்கு 12 வயது. நான் உலகக் கிண்ணத்தை மைதானத்தில் இருந்து பார்க்க வேண்டும். எப்போது முடியும்? யாழ்ப்பாணத்துக்கு உலகக் கிண்ணம் வராதா?
- பாசையூர் மாணவன்

பதில்: தம்பி, உலகக் கிண்ண உதைபந்தாட்டம் யாழ்ப்பாணத்துக்கு வர நாள் எடுக்கும். துரையப்பா மைதானத்தை 2016 இல் திருத்தித் தந்தார்கள், மண்டைதீவில் சர்வதேசத் துடுப்பாட்ட மைதானத்துக்கு 2025 செப்டெம்பரில் வேலை தொடங்கியிருக்கிறது. அதுவரைக்கும் நீ போவதுதான் வழி. 2030 இல் ஸ்பெயின், போர்த்துக்கல், மொரோக்கோ. உனக்கு 16 வயது, பள்ளிக்கூடம் இருக்கும். 2034 சவூதி அரேபியாவில், உனக்கு 20. கொழும்பிலிருந்து றியாத் ஐந்தாறு மணித்தியாலப் பறப்புத்தான். அங்கே வேலைக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும் என்று நினைக்காதே, ஆட்டம் பார்க்க மட்டும் போய்த் திரும்பி வரலாம், விளையாடவும் போகலாம்.

நீ கடிதத்தோடு அனுப்பிய படத்தில் மைதானம் வரைந்து, மேல் அடுக்கில் ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் நீலச் சட்டை போட்டிருக்கிறாய். அது யார் என்று எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் எழுது.